நான்கு கிண்ணங்களும் ஒரு பழப் பானமும்

விருந்தொன்றின் சிறப்பு, பரிமாறப்படும் பண்டங்களின் பெறுமதியில் அன்றி, அவ்விருந்தில் எவரும் புறந்தள்ளப்படாதிருப்பதிலேயே தங்கியுள்ளது. யூதர்கள் ஆண்டுதோறும் மார்ச் அல்லது ஏப்ரல் மாதத்தில் அனுஷ்டிக்கும் பஸ்காப் பண்டிகையின் இராவிருந்து இதற்குத் தக்கதோர் உதாரணமாகும்.

மோசே எனவும் மூஸா நபி எனவும் நாம் அறிந்த தீர்க்கதரிசியின் தலைமையில், இஸ்ரவேலர் எகிப்தின் அடிமைத்தளையிலிருந்து விடுபட்டமையை இவ்விருந்து நினைவுகூருகின்றது. விடுதலை குறித்து இறைவன் அளித்த நான்கு வாக்குறுதிகளின் நினைவாக, விருந்தில் அமர்வோர் நான்கு கிண்ணம் திராட்சை வைன் அருந்துதல் மரபு. பொதுத் தருமத்தில் உண்டு வாழும் பரம ஏழைக்கும் இந்நான்கு கிண்ணங்கள் குறைவின்றிக் கிடைத்தல் வேண்டும் என, கி.பி. 200 ஆம் ஆண்டளவில் தொகுக்கப்பட்ட மிஷ்னா எனும் சட்டத்தொகுப்பு விதிக்கின்றது.

ஆயின், மது அருந்த இயலாதோர் என் செய்வது? இவ்வினாவுக்கு யூத மரபு நெடுங்காலத்துக்கு முன்னரே விடை கண்டுள்ளது. உலர்ந்த திராட்சையிலிருந்து பெறும் இரசத்தையும் சமயச் சடங்குக்குப் பயன்படுத்தலாம் எனத் தல்மூத் அனுமதிக்கின்றது. இந்தியாவின் மகாராஷ்டிரத்தில் வாழ்ந்துவந்த பெனே இஸ்ரேல் சமூகத்தினர், உலர்ந்த திராட்சையை நீரில் ஊறவைத்துப் பிழிந்த சர்பத்தையே ஆசீர்வாதக் கிண்ணத்தில் நிறைத்தனர். அமெரிக்காவில் மதுவிலக்கு நடைமுறையிலிருந்த 1922 ஆம் ஆண்டில், புளிக்காத திராட்சைச் சாறே போதுமானது என அறிஞர் லூயிஸ் கின்ஸ்பேர்க் தீர்ப்பு வழங்கினார் என்பதும் குறிப்பிடத்தக்கது.

நான்கு கிண்ணங்களுக்குப் புறம்பாக, உணவோடு பருகுவதற்கெனப் பழக்கலவைப் பானம் தயாரிக்கும் இல்லங்களும் உள. 750 மில்லிலீற்றர் சிவப்புத் திராட்சை வைனுடன் நான்கு தோடம்பழங்களின் சாறு, ஒரு தேசிக்காயின் சாறு, சிறு துண்டுகளாக நறுக்கிய அப்பிள், ஒரு துண்டு கறுவா ஆகியவற்றைச் சேர்த்து, மூன்று அல்லது நான்கு மணித்தியாலம் குளிரூட்டியில் வைத்தல் வேண்டும். பரிமாறும்போது கறுவாவை அகற்றிச் சோடா நீர் கலக்கலாம். வைனுக்குப் பதிலாக அதே அளவு திராட்சைச் சாற்றைக் கொண்டு இன்னொரு பாத்திரத்தில் இதனைத் தயாரித்து, இரண்டையும் அடையாளமிட்டு வைப்பின், சிறுவரும் நோயாளரும் மதுவை விலக்கியோரும் தயக்கமின்றிப் பருகலாம்.

இதிலும் சில வரையறைகள் உள. பண்டிகை நாட்களில் கோதுமை, வாற்கோதுமை முதலிய தானியங்கள் புளித்து உண்டானவை விலக்கப்பட்டிருப்பதால் பியரோ விஸ்கியோ கலத்தல் ஆகாது. வைனும் சாறும் பஸ்காவுக்கு உகந்தவை எனச் சமய அங்கீகாரம் பெற்றிருத்தல் வேண்டும். இரண்டாம், மூன்றாம் கிண்ணங்களுக்கு இடையே, உணவு வேளையில் விரும்பிய அளவு பருகலாம். மூன்றாம், நான்காம் கிண்ணங்களுக்கு இடையே பருகுவதை மிஷ்னா அனுமதிப்பதில்லை.

மதுவை முற்றாக விலக்கிய மார்க்கத்தைப் பின்பற்றுவோருக்கும், அதனை விரும்பாத ஏனையோருக்கும் இம்மரபு புலப்படுத்துவது ஒன்றுண்டு. விடுதலையைக் கொண்டாடும் மேசையில் ஏழையின் கிண்ணம் வெறுமையாக இருத்தல் ஆகாது. மது அருந்தாதவரின் கிண்ணமும் அவ்வாறே. நம் இல்லங்களுக்குப் பிற சமயத்தவரை விருந்துக்கு அழைக்கும்போது, அவர்கள் எதனை உண்பர், எதனைப் பருகுவர் என முன்கூட்டியே வினவி அறிவதும் இத்தகைய பண்பேயாகும்.