மேல் வரிசை டிக்கெட்டும் நல்ல பைனாகுலரும்
ஈடன் கார்டனுக்குப் போகும் ரசிகர்கள் கவனிக்க வேண்டியவை

2013-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் ஈடன் கார்டனில் மேற்கிந்தியத் தீவு அணியுடன் நடந்த டெஸ்ட் பந்தயம் டெண்டுல்கரின் 199-வது டெஸ்ட். அவரைப் பார்க்கத்தான் கூட்டம் வந்தது. அவர் பத்து ரன்னில் அவுட் ஆகிவிட்டார். இந்தியா 6 விக்கெட்டுக்கு 156 என்று தடுமாறியபோது, முதல் டெஸ்ட் ஆடிய ரோஹித் சர்மாவுடன் சேர்ந்துகொண்டார் சென்னையின் அஸ்வின். இருவரும் சேர்ந்து 280 ரன் குவித்தார்கள். ரோஹித் 177, அஸ்வின் 124. கல்கத்தாத் தமிழர்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்ட நாள் அது.

ஆனால் அன்று மேல் அடுக்கில் உட்கார்ந்திருந்தவர் உண்மையில் எதைப் பார்த்திருக்க முடியும்? மேல் வரிசையிலிருந்து பிட்ச் நூறு, நூற்றுப்பத்து மீட்டர் தூரம் இருக்கும். அந்தத் தூரத்தில் நிற்கும் ஆறடி மனிதர், கையை நீட்டிப் பிடித்துப் பார்த்தால் சுண்டுவிரல் நகத்தின் அளவுதான் தெரிவார். பந்து ஒரு புள்ளி. சென்னைத் தெருக்களில் "சொடக்குப் பந்து" என்று பையன்கள் போடும் பந்தை அஸ்வின் டெஸ்ட் மைதானத்துக்குக் கொண்டுபோனார் அல்லவா? அந்த விரல் சொடுக்கை நூறு மீட்டரிலிருந்து வெறும் கண்ணால் பார்ப்பது நடக்காத காரியம். நல்ல பார்வையுள்ள கண்ணுக்கே நூறு மீட்டரில் சுமார் 3 சென்டிமீட்டருக்குக் குறைவான விவரம் பிரிந்து தெரியாது. விரலின் பருமன் அதில் பாதி.

எட்டு மடங்கு பைனாகுலர் ஒன்று கையில் இருந்தால் அதே ஆட்டக்காரர் பன்னிரண்டரை மீட்டர் தூரத்தில் நிற்பதுபோல் தெரிவார். கல்யாண மண்டபத்தில் பந்தியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் பார்ப்பது மாதிரி. விரல்கள் தையலைப் பிடித்திருப்பதும், விக்கெட் கீப்பர் கையுறைக்குப் பின்னால் காட்டும் சைகையும் அப்போது தெரியும். வீட்டில் டெலிவிஷனில் இன்னும் பெரிதாகத் தெரியுமே என்று கேட்கலாம். தெரியும்; ஆனால் காமிராக்காரர் காட்டுவதைத்தான் பார்க்க வேண்டும். காப்டன் மிட்-ஆன் ஆளை இரண்டடி நகர்த்துவதையும், அடுத்து ஆட வேண்டியவர் படிக்கட்டில் உட்கார்ந்து நகம் கடிப்பதையும் பார்ப்பது ஸ்டாண்டில் இருப்பவரின் சலுகை.

நம்பர் பெரிதானால் நல்லதா?

கடையில் பைனாகுலர் கேட்பவர்கள் பெரும்பாலும் கேட்கும் முதல் கேள்வி "எத்தனை பவர்?" என்பதுதான். பணம் வீணாவது இந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது. பைனாகுலரின் மேல் 8×30, 7×35, 10×50 என்று இரண்டு எண்கள் பொறித்திருக்கும். முதல் எண், எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது. இரண்டாவது, முன்கண்ணாடியின் விட்டம் எத்தனை மில்லிமீட்டர் என்பது.

மடங்கு கூடினால் உருவம் மட்டும் பெரிதாவதில்லை. கையின் நடுக்கமும் அதே மடங்கில் பெரிதாகிறது. பத்து மடங்குக்கு மேல் போனால் தாங்கி இல்லாமல் நிலையாகப் பிடிப்பது கடினம். பக்கத்தில் இருப்பவர் சிக்ஸருக்குக் குதிக்கும்போது சொல்லவே வேண்டாம். டிசம்பர், ஜனவரியில் கல்கத்தாவின் மேல் புகையும் மூட்டமுமாகக் கவியும் அல்லவா? அந்த மூட்டத்தையும் சேர்த்தே கண்ணாடி பெரிதாக்கும்.

இதைவிட முக்கியம், பார்வைப் பரப்பு. மடங்கு கூடக் கூட, கண்ணாடிக்குள் அடங்கும் இடம் சுருங்கும். ஏழு மடங்குக் கண்ணாடி நல்லதாக இருந்தால் நூறு மீட்டரில் சுமார் 15 மீட்டர் அகலம் தெரியும். எட்டு மடங்கில் சுமார் 13 மீட்டர். பத்து மடங்கில் பல கண்ணாடிகள் பத்து மீட்டரோடு நின்றுவிடும். பிட்சின் நீளமோ 22 கஜம், அதாவது 20 மீட்டர்.

ஆகவே டிக்கெட் எந்தப் பக்கம் என்பதைப் பார்த்துத்தான் கண்ணாடியையும் முடிவு செய்ய வேண்டும். ஹைகோர்ட் எண்ட், கிளப் ஹவுஸ் எண்ட் ஆகிய இரு முனைகளில் உட்காருபவருக்குப் பந்து வீச்சாளர், பாட்ஸ்மன், கீப்பர் மூவரும் ஒரே வரிசையில் நிற்பதால் மூவரும் ஒரே வட்டத்துக்குள் வந்துவிடுவார்கள். அவருக்கு எட்டு தாராளம், பத்தும் ஒத்துவரலாம். பக்கவாட்டு ஸ்டாண்டில் இருப்பவர் வீசுபவரைப் பார்ப்பதா, அடிப்பவரைப் பார்ப்பதா என்று தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும். அவருக்கு ஏழு மடங்கே உத்தமம்.

கால்பந்துக்கு இது இன்னும் பொருந்தும். சால்ட் லேக் ஸ்டேடியத்தில் மைதானத்துக்கும் காலரிக்கும் நடுவே ஓட்டப் பந்தயப் பாதை வேறு இருக்கிறது. 1997 ஜூலை 13 அன்று ஈஸ்ட் பெங்கால் - மோகன் பகான் ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதிக்கு 1,31,000 பேர் வந்ததாகச் சொல்லும் ஸ்டேடியம் அது. பூட்டியா மூன்று கோல் போட்டு ஈஸ்ட் பெங்கால் 4-1 என்று ஜெயித்த ஆட்டம். கோல் கம்பத்துக்குப் பின்னால் மேலே உட்கார்ந்தவருக்கு எதிர்முனைக் கோல் இருநூறு மீட்டருக்குப் பக்கத்தில் இருக்கும். அதற்காகப் பன்னிரண்டு மடங்கு வாங்கினால், பந்தைத் தேடுவதற்குள் கோல் விழுந்துவிடும்.

கல்கத்தாவின் கண்ணாடிகள்

தூரத்து ஆட்டத்தைப் பார்க்க உபாயம் தேடுவதில் இந்த நகரம் யாருக்கும் இளைத்ததல்ல. 1911 ஜூலை 29 அன்று மோகன் பகான் வெள்ளைக்காரப் பட்டாளத்தை 2-1 என்று வென்று ஐ.எஃப்.ஏ. ஷீல்டைப் பெற்றபோது, பின்வரிசையில் நின்றவர்களுக்கு ஸ்கோரைச் சொல்லப் பட்டம் பறக்கவிட்டார்கள். பிற்காலத்தில் மைதான் ஆட்டங்களுக்கு டிக்கெட் கிடைக்காதவர்கள் அட்டைக் குழாயில் இரண்டு கண்ணாடித் துண்டுகளைச் சாய்த்துப் பொருத்திய பெரிஸ்கோப்பைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துப் பார்த்ததும் உண்டு. பந்தய மைதானத்தில் குதிரைகள் எதிர்ப்பக்கம் ஓடும்போது ஜாக்கியின் சட்டை நிறத்தை அடையாளம் காணப் பைனாகுலர் இன்றியமையாதது. கழுத்தில் அது தொங்காத பழைய ரேஸ் பிரியரைக் காண்பது அரிது.

சாயங்கால வெளிச்சம்

கிழக்குக் கோடியில் இருக்கும் ஊர் இது. டிசம்பரில் ஐந்து மணிக்கு முன்பே சூரியன் அஸ்தமித்துவிடும். குளிர்கால டெஸ்டில் தேநீருக்குப் பின் வெளிச்சம் மங்குவது ஈடன் ரசிகர்களுக்குப் பழகிய விஷயம். இரண்டாவது எண் அப்போதுதான் வேலை செய்கிறது.

இரண்டாவது எண்ணை முதல் எண்ணால் வகுத்தால், கண்ணாடியிலிருந்து கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் விட்டம் கிடைக்கும். 8×21 என்ற சட்டைப்பைக் கண்ணாடியில் அது 2.6 மில்லிமீட்டர். 8×32-இல் 4. 7×50-இல் 7-க்கு மேல். நல்ல வெயிலில் கண்ணின் பாவையே 2 அல்லது 3 மில்லிமீட்டருக்குச் சுருங்கிவிடும். அப்போது எல்லாம் ஒன்றுதான். வெளிச்சம் குறையும்போது பாவை விரியும். சின்னக் கண்ணாடி அதற்கு ஈடுகொடுக்காது. ஃப்ளட் லைட் ஆட்டத்துக்கு 4 மில்லிமீட்டர் போதுமானது. ஆக 8×30, 8×32, 7×35 என்ற மூன்றில் ஒன்றே ஸ்டாண்டுக்கு ஏற்றது எனலாம். 10×50-ஐ ஒரு நாள் முழுக்கக் கழுத்தில் தொங்கவிட்டுப் பார்த்தவர் மறுநாள் அதைக் கையில் எடுக்க யோசிப்பார். ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவான கனம்.

மூக்குக் கண்ணாடி அணிபவர்கள்

டல்ஹௌசி ஆபீஸ்களில் பேரேட்டுக்கும் கம்ப்யூட்டருக்கும் கண்ணைக் கொடுத்தவர்களில் பாதிப்பேர் மூக்குக் கண்ணாடிக்காரர்கள். இவர்கள் வாங்கும்போதுதான் ஏமாற்றம் அதிகம். கண்ணுக்கும் பைனாகுலருக்கும் இடையே மூக்குக் கண்ணாடி வந்துவிடுவதால், முழு வட்டம் தெரியாமல் சாவித் துவாரத்தில் பார்ப்பதுபோல் இருக்கும். கண் எத்தனை தூரம்வரை விலகியிருந்தால் முழுக் காட்சி தெரியும் என்ற அளவு ஒன்று உண்டு. அது 15 மில்லிமீட்டருக்குக் குறையாமல், கூடுமானால் 16, 17 ஆக இருக்க வேண்டும். விவரச் சீட்டில் அச்சிட்டிருப்பார்கள். கிட்டப்பார்வை, எட்டப்பார்வை மட்டும் இருப்பவர்கள் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு பைனாகுலரைத் திருகியே சரிசெய்துகொள்ளலாம். ஆனால் பந்துக்குப் பந்து ஒன்றைக் கழற்றி ஒன்றை மாட்டுவது என்பது சொல்ல எளிது. சிலிண்டர் பவர் உள்ளவர்களுக்கு அதுவும் உதவாது. எனவே மூக்குக் கண்ணாடியோடேயே கடைக்குப் போய், ரப்பர் வளையத்தை மடக்கிவிட்டுப் பார்த்த பிறகே பணத்தை எண்ண வேண்டும்.

கடையில் செய்ய வேண்டிய சோதனை

ஊர் பேர் தெரியாத சரக்குகளில் 20×50, 50×50 என்றெல்லாம் அச்சிட்டிருப்பார்கள். ஸ்கேல் வைத்து முன்கண்ணாடியை அளந்தால் 50 என்றது 30 ஆக இருப்பதுண்டு. இரண்டாவது எண்ணே பொய் என்றால் முதல் எண்ணை நம்புவானேன்? மடங்கைக் கூட்டிக் குறைக்கும் "ஜூம்" வகையும் வேண்டாம். குறைந்த மடங்கில் அதன் பரப்பு பரிதாபமாகச் சிறுத்திருக்கும்.

மாணிக்கம்போல் சிவப்பாக மின்னும் கண்ணாடி கண்ணைப் பறிக்கும். சிவப்பாக மின்னுகிறது என்றால் சிவப்பு ஒளியை உள்ளே விடாமல் வெளியே தள்ளுகிறது என்று அர்த்தம். காட்சி பச்சை நீலமாகத்தான் தெரியும். சிவப்புப் பந்தைப் பார்க்கப் போகிறவருக்கு எதற்கு இது?

பைனாகுலரைக் கைநீட்டு தூரத்தில் வானத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தால், கண் வைக்கும் பக்கம் இரண்டு சின்ன ஒளி வட்டங்கள் தெரியும். அவை முழு வட்டமாக இருக்க வேண்டும். ஓரம் வெட்டிச் சாம்பல் நிறத்தில் சதுரமாகத் தெரிந்தால் உள்ளிருக்கும் பட்டகங்கள் மட்டமான ரகம். அடுத்து, தூரத்து மொட்டை மாடியின் விளிம்பை இரு கண்ணாலும் பார்க்க வேண்டும். கோடு இரண்டாகத் தெரிந்தாலோ, இரண்டு நிமிஷத்தில் கண் இழுத்துக்கொண்டு தலை வலித்தாலோ இரண்டு குழல்களும் ஒரே திசையில் இல்லை என்று பொருள். பழுதுபார்க்கக் கொடுக்கும் கூலியில் வேறு வாங்கிவிடலாம்.

புதிதாக வாங்க ரூ.10,000-க்குள் வைத்துக்கொள்பவர்கள், மேலே குழல் வெளியே தள்ளி, கண் பக்கம் நெருங்கி இருக்கும் பழைய மாதிரி அமைப்பையே தேடுவது நல்லது. நேர்க்குழல் வகை பார்க்க அடக்கமாக இருக்கும். ஆனால் அதைச் சரியாகச் செய்யச் செலவு அதிகம். ஒரே விலையில் பழைய அமைப்புதான் துல்லியமாகத் தெரியும்.

செகண்ட் ஹாண்டுக்கு இந்த ஊரில் பஞ்சமில்லை. எஸ்பிளனேடில் மெட்ரோ சினிமாப் பக்கத்துச் சந்து காமிராக் கடைகளுக்குப் பேர்போனது. சோவியத் தயாரிப்பான டென்டோ, கிழக்கு ஜெர்மனியின் கார்ல் ஜெய்ஸ் ஜேனா 8×30 போன்றவை பழசானாலும் இன்னும் உழைக்கும். இவற்றில் பல மூக்குக் கண்ணாடிக்காரர்களுக்கு உதவாது என்பது ஒன்று. மற்றொன்று பூஞ்சணம். கல்கத்தாவின் மழைக்கால ஈரத்தில் கண்ணாடிக்குள் சிலந்தி வலைபோல் பூஞ்சணம் படரும். அது விடும் அமிலம் கண்ணாடிப் பூச்சையே அரித்துவிடும். முன்பக்கத்திலிருந்து டார்ச் விளக்கை அடித்துப் பின்பக்கமாகப் பார்த்தால் தெரிந்துவிடும். பார்க்கும்போது வல்லிழை ஒன்று தெரிந்தாலும் வேண்டாம்.

வாங்கிய பிறகு

முதலில் வலது பக்கத்தை மூடிக்கொண்டு, நடுச் சக்கரத்தைத் திருகி இடது கண்ணுக்குச் சரி செய்ய வேண்டும். பிறகு இடதை மூடி, வலது குழலின் வளையத்தை மட்டும் திருக வேண்டும். பலர் இந்த இரண்டாவது காரியத்தைச் செய்வதே இல்லை; கண்ணாடியைக் குறை சொல்கிறார்கள். சரியான இடத்தில் வளையத்தின் மேல் நகப்பூச்சால் ஒரு புள்ளி வைத்துவிட்டால் தீர்ந்தது.

பந்து வீச்சாளர் ஓடி வரும்போது கண்ணாடியில் பார்த்து, பந்து கையை விட்டதும் இறக்கிவிடுவது அனுபவஸ்தர்களின் பழக்கம். தூக்கி அடித்த பந்தைக் கண்ணாடியில் துரத்துபவர் காட்சையும் காணார், சிக்ஸரையும் காணார். மாலையில் மேற்கு முகமாக உட்கார்ந்திருப்பவர்கள் எக்காரணம் கொண்டும் சூரியன் பக்கம் திருப்பக் கூடாது. ஒரு கணத்தில் பார்வை போய்விடும். சிறுவர் கையில் கொடுப்பவர்கள் இதைச் சொல்லியே கொடுக்க வேண்டும். கொண்டுபோகக் கூடாத பொருள்களின் பட்டியல் பந்தயத்துக்குப் பந்தயம் மாறும். டிக்கெட்டின் பின்புறத்தையும் போலீஸ் அறிவிப்பையும் படித்துவிட்டுப் புறப்பட்டால், வாசலில் பறிகொடுத்து நிற்க வேண்டியதில்லை.

ஜூன் வந்ததும் தோல் உறையிலிருந்து எடுத்துவிட வேண்டும். தோல் ஈரத்தைப் பிடித்து வைக்கும். இறுக மூடும் டப்பாவில் நீல நிற சிலிகா ஜெல் பொட்டலத்தோடு வைத்தால் போதும். அது வெளிறிச் சிவந்தால் இரும்புச் சட்டியில் லேசாகச் சூடு காட்ட, மறுபடி நீலமாகும். லேக் மார்க்கெட் வீடுகளில் அப்பளத்தை நமத்துப் போகாமல் வைக்கும் டப்பாவே இதற்கும் ஏற்றது.

இன்னும் ஒன்று. ஸ்டாண்டில் பைனாகுலர் ஒருவருக்குச் சொந்தமானதல்ல. இரண்டாவது ஓவருக்குள் பின்வரிசையிலிருந்து ஒரு கை நீளும்: "தாதா, ஏக்பார் தின் தோ!" அது நான்கு வரிசை சுற்றி, நான்கு பேர் திருகித் திரும்பி வரும்போதுதான் அந்த நகப்பூச்சுப் புள்ளியின் அருமை தெரியும்.