ஊமையான கணனியும் ஆயிரம் ரூபா அட்டையும்

தராசில் கோளாறு என்றால் தராசைத் திருத்துவோம். கடையை இடித்துக் கட்ட மாட்டோம். ஆனால் கணனி என்று வந்துவிட்டால், "முழுசா மாத்தணும்" என்று யாராவது சொன்னவுடன் தலையாட்டி விடுகிறோம். நானும் அப்படித் தலையாட்டப் போனவன்தான்.

2011 இல் வலப்பனையில் ஒரு சிறிய கொமியூனிகேஷன் நடத்திக் கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் தோட்டங்களிலிருந்து பெற்றோர் வருவார்கள். மத்திய கிழக்கில் வீட்டு வேலைக்குப் போன பிள்ளைகளோடு ஸ்கைப்பில் பேசுவதற்காக. அந்த வருமானம்தான் கடை வாடகையைக் கொடுத்தது.

ஏப்ரல் மாதம், ஒரு சனிக்கிழமை மாலை நல்ல இடிமழை. மறுநாள் ஒரு தாய் வந்து உட்கார்ந்தார். குவைத்திலிருந்த மகளின் முகம் திரையில் தெரிந்தது, வாய் அசைந்தது, சத்தம் மட்டும் இல்லை. "முதலாளி, புள்ள அழுவுற மாதிரி இருக்கு, என்னான்னு வெளங்கலயே" என்று அவர் பதறினார். என் செலவில் தொலைபேசியில் அழைப்பு எடுத்துக் கொடுத்தேன்.

பார்க்க வந்த திருத்துநர், "மதர்போர்ட் போய்விட்டது, புதுக் கணனிதான் வாங்க வேண்டும்" என்றார். முப்பதாயிரம் ரூபாவுக்கு மேல் வரும். என் கடன் கணக்கு முழுவதும் அந்தப் பெட்டிக்குள்தான் இருந்தது. பணம் புரட்டுவதற்கு முன் பஸ் ஏறிக் கண்டிக்குப் போய், உதிரிப்பாகம் விற்கும் ஒரு தம்பியிடம் விசாரித்தேன். "மத்த எல்லாம் வேல செய்யுதா நானா? அப்ப போர்ட்டுக்கு ஒண்டும் இல்ல. சத்தம் வாற பகுதி மட்டும்தான் போயிருக்கு. ஒரு சவுண்ட் காட் போடுங்க" என்றார். விலை ஏறக்குறைய ஆயிரம் ரூபா.

விஷயம் இதுதான். ஆரம்பத்தில் கணனியில் நல்ல சத்தம் வேண்டுமானால் தனி அட்டை வாங்க வேண்டும். சிங்கப்பூரில் 1981 இல் சிறிய கணனி திருத்தும் கடையாகத் தொடங்கிய கிரியேட்டிவ் நிறுவனம், 1989 இல் 'சவுண்ட் பிளாஸ்டர்' என்ற அட்டையை வெளியிட்டு உலகச் சந்தையைப் பிடித்தது. 1997 இல் இன்டெல் நிறுவனம் ஏசி 97 என்ற ஒலித் தரத்தை வெளியிட்ட பின், சத்தத்துக்கான பகுதி மதர்போர்ட்டிலேயே சேர்ந்து வரத் தொடங்கியது. தனி அட்டை வியாபாரம் சுருங்கியது. அதனால்தான் சத்தம் நின்றால் போர்டே போய்விட்டது என்று நினைக்கிறோம். ஆனால் தனி அட்டை செருகும் இடம் இன்றும் போர்ட்டில் இருக்கிறது.

அட்டை வாங்குவதற்கு முன் ஸ்பீக்கரை வேறொரு கருவியில் மாட்டிப் பாருங்கள். கணனியில் சத்தம் 'மியூட்'டில் இருக்கிறதா, டிரைவர் சரியாக இருக்கிறதா என்றும் பாருங்கள். பாதிக் கோளாறு இதிலேயே தீரும். தீராவிட்டால், பெட்டியைத் திறந்து எந்த வகைத் துளை காலியாக இருக்கிறது என்று குறித்துக் கொள்ளுங்கள். பழைய போர்ட்டில் நீளமான பிசிஐ இருக்கும். புதியவற்றில் பெரும்பாலும் குட்டையான பிசிஐ எக்ஸ்பிரஸ் மட்டுமே. ஒன்றுக்கு வாங்கியது மற்றதில் ஏறாது. பெட்டி ஒல்லியானதா என்பதையும் கடையில் சொல்லுங்கள். அதற்குக் குட்டையான தகடு வைத்த அட்டை வேண்டும்.

பொருத்துமுன் கணக்கு விபரங்களை வேறிடத்தில் பிரதி எடுத்து வையுங்கள். கணனியை நிறுத்தி, வயரைச் சுவரிலிருந்து கழற்றி, பவர் பொத்தானை ஒருமுறை அழுத்தி விடுங்கள். பெட்டியின் வெறும் இரும்பைத் தொட்ட பிறகே அட்டையை எடுங்கள். உடம்பிலுள்ள நிலைமின் அதைக் கெடுத்துவிடக் கூடும். பின்பக்கத் தகட்டைக் கழற்றி, அட்டையின் விளிம்பைப் பிடித்து இரு பக்கமும் சமமாக அழுத்திச் செருகி, ஆணியை முடுக்குங்கள். கணனி ஓடியதும் டிரைவரை நிறுவி, ஒலி அமைப்பில் புதிய அட்டையைத் தெரிவு செய்யுங்கள். பழையது குறுக்கிட்டால் பயாஸில் அதை நிறுத்தி விடலாம். ஸ்பீக்கர் பச்சைத் துளையில், மைக் இளஞ்சிவப்பில்.

எனக்கு அரை மணி நேரம்தான் எடுத்தது. அடுத்த ஞாயிறு அந்தத் தாய் மகளின் குரலைக் கேட்டார். மகளுக்குத் தடிமனாம், அழுகை இல்லையாம். அந்தக் கணனி மேலும் நான்கு வருடம் உழைத்தது.

இன்று எல்லோர் கையிலும் கைபேசி இருக்கிறது. ஸ்கைப்பும் 2025 மே மாதத்தோடு மூடப்பட்டுவிட்டது. பெட்டியைத் திறக்கத் தயங்குபவர்களுக்கு யூஎஸ்பியில் மாட்டும் சிறிய ஒலிக் கருவியும் கிடைக்கிறது. ஆனால் கடையில் உள்ள எந்த இயந்திரத்துக்கும் பொருந்தும் பாடம் அப்படியே இருக்கிறது. பெரிய தொகை கேட்டால் மூன்று கேள்வி கேளுங்கள்: பழுதானது எந்தப் பகுதி? அதை மட்டும் மாற்ற முடியுமா? வேறொருவரிடமும் கேட்டாயிற்றா? பதில் கிடைத்த பிறகு கல்லாப் பெட்டியைத் திறக்கலாம்.