காலை எடுத்த பின்னும் ஓடும் கார்

சைக்கிள் பிரேக்கைப் பிடித்துவிட்டுக் கையை எடுங்கள். பிடி தானாகவே பழைய இடத்துக்குத் திரும்பிவிடுகிறது. அதைத் திருப்பி அனுப்புவது எது? பிரேக்கில் உள்ள சுருள்வில்தான். ஆனால் பிரேக் கம்பியில் துரு ஏறிவிட்டால், பிடி பாதி வழியிலேயே நின்றுவிடும். சுருள்வில் இருக்கத்தான் செய்கிறது. உராய்வு அதை வென்றுவிட்டது!

காரில் வேகத்தைக் கூட்டும் ஆக்ஸிலரேட்டர் பெடலிலும் இதே போட்டிதான் நடக்கிறது. ஓட்டுநர் காலை எடுத்ததும் பெடல் மேலே வரவேண்டுமானால், சுருள்வில்லின் விசை வழியில் உள்ள எல்லா உராய்வுகளையும்விட மிகுதியாக இருக்க வேண்டும். குறைந்தால் பெடல் ஒட்டிக்கொள்ளும். அப்போது காலை எடுத்த பின்னும் கார் விரைந்துகொண்டே இருக்கும். எவ்வளவு பெரிய ஆபத்து, பார்த்தீர்களா?

பெடல் என்ன செய்கிறது?

பெட்ரோல் எஞ்சினுக்குக் காற்று செல்லும் குழாயில் வட்டமான ஒரு தகடு உண்டு. அதன் நடுவே ஓர் அச்சு. தகடு குழாயை அடைத்து நின்றால் காற்று மிகக் குறைவாகவே செல்லும். அச்சில் திரும்பி வழிவிட்டால் நிறையக் காற்று நுழையும். அதற்கேற்ப பெட்ரோலும் சேர, எஞ்சின் வேகம் பெறும். இந்த அமைப்புக்குத் திராட்டில் என்று பெயர்.

பழைய வகைக் கார்களில் பெடலையும் திராட்டிலையும் இணைப்பது ஒரு கேபிள். வளையக்கூடிய உறைக்குள் எஃகுக் கம்பி ஓடும். சைக்கிள் பிரேக்கில் இருப்பதும் இதே அமைப்புதான். எர்னஸ்ட் போடன் என்பவர் 1896இல் இதற்கு இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றார்; அதனால் இதைப் போடன் கேபிள் என்பார்கள்.

குறையைக் கண்டுபிடிப்பது எப்படி?

நல்ல மெக்கானிக் எடுத்த எடுப்பில் எதையும் கழற்றமாட்டார். எஞ்சினை நிறுத்திவிட்டு, முதலில் ஓட்டுநரின் காலடியைப் பார்ப்பார். தரைவிரிப்பு நகர்ந்து பெடலைப் பிடித்துக்கொண்டிருக்கலாம்.

விரிப்பில் குறை இல்லையா? அடுத்து, கேபிளைத் திராட்டில் முனையில் கழற்றுவார். சங்கிலி போன்ற அமைப்பு இப்போது இரண்டு பாதிகளாகிவிட்டது. திராட்டிலைக் கையால் திருப்பிவிடுவார். அது சட்டென்று மூடிக்கொண்டால் அந்தப் பாதியில் குறையில்லை. கேபிளிலோ பெடலின் கீலிலோதான் குறை. மாறாக, திராட்டிலே தயங்கி நின்றால், தகட்டின் விளிம்பில் எண்ணெய்ப் பிசுக்கும் கரியும் படிந்திருக்கலாம், சுருள்வில்லும் தளர்ந்திருக்கலாம்.

காரணம் தெரிந்துவிட்டால் பரிகாரம் எளிது. கரியைத் துடைக்க வேண்டும். தளர்ந்த சுருள்வில்லை மாற்ற வேண்டும். கேபிளில் ஓரிரு இழைகள் அறுந்து உறைக்குள் சிக்கினால், எண்ணெய் விட்டுச் சமாளிக்கக் கூடாது. புதுக் கேபிளே போட வேண்டும்.

உராய்வை வேண்டுமென்றே வைத்தால்?

இன்றைய கார்களில் கேபிள் இல்லை. பெடல் எவ்வளவு அழுந்தியது என்பதை உணர்கருவிகள் மின்குறியாக அனுப்ப, ஒரு சிறு மோட்டார் திராட்டிலைத் திருப்புகிறது. கேபிள் போனதும் அதன் உராய்வும் போயிற்று. அதுவும் ஒரு குறையே! சிறிதளவு உராய்வு இருந்தால்தான் பெடலின்மீது கால் நிலையாக நிற்கும். ஆகவே பொறியாளர்கள் பெடலுக்குள் ஓர் உராய்வுக் கட்டையைப் பொருத்தினார்கள்.

அதிலிருந்து ஒரு சிக்கல் முளைத்தது. டொயோட்டா கார்கள் சிலவற்றில் இந்தக் கட்டை நாளடைவில் தேய்ந்து, ஈரமும் படிந்தபோது உராய்வு அளவு மீறியது. பெடல் மெதுவாகத் திரும்பியது. சில வேளைகளில் ஒட்டிக்கொண்டது. 2010 ஜனவரியில் அமெரிக்காவில் மட்டும் சுமார் 23 லட்சம் கார்களை அந்நிறுவனம் பழுதுபார்க்கத் திரும்ப அழைத்தது. பரிகாரம் என்ன தெரியுமா? பெடலின் உள்ளே செருகிய ஒரு சிறு எஃகுத் துண்டு! அது உராய்வைக் குறைத்தது. சுருள்வில் மீண்டும் வென்றது.

அதற்குச் சில மாதங்கள் முன்பு, 2009 ஆகஸ்டில், சான் டியாகோ நகருக்கு அருகே ஒரு காரில் சென்ற நால்வர் இறந்தனர். அந்தக் காருக்குப் பொருந்தாத தரைவிரிப்பில் பெடல் சிக்கியதே காரணம். மின்னணுக் கருவிகளில் கோளாறு இருக்குமோ என்ற ஐயம் எழவே, அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவின் பொறியாளர்கள் டொயோட்டா கார்களை ஆராய்ந்தார்கள். 2011 பிப்ரவரியில் முடிவு வெளிவந்தது. மின்னணுக் கோளாறுக்குச் சான்று கிடைக்கவில்லை. ஒட்டும் பெடல், சிக்கும் விரிப்பு ஆகிய இரண்டு குறைகளே தெரிந்தன.

ஓடும்போது ஒட்டிக்கொண்டால்?

பிரேக்கை ஒரே முறையாக, முழுப் பலத்துடன் மிதித்து அப்படியே பிடிக்க வேண்டும். விட்டுவிட்டு மிதிக்கக் கூடாது. ஏன்? பல பெட்ரோல் கார்களில் பிரேக்குக்குத் துணை செய்வது, எஞ்சின் காற்றை உறிஞ்சுவதால் உண்டாகும் வெற்றிடம். திராட்டில் அகலத் திறந்திருந்தால் அந்த வெற்றிடம் மீண்டும் உண்டாகாது. சேமிப்பில் உள்ளது ஓரிரு மிதிகளுக்குத்தான் போதும்.

பிரேக்கைப் பிடித்தபடியே கியரை நியூட்ரலுக்குத் தள்ள வேண்டும். எஞ்சின் அலறட்டும், சக்கரங்களுக்கு அதன் விசை போகாது. வண்டியை ஓரமாக நிறுத்திய பிறகே எஞ்சினை அணைக்க வேண்டும். ஓடும்போது சாவியை உருவினால் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளக்கூடும்.

அடுத்த முறை காரில் ஏறும்போது ஓட்டுநரின் காலடியைப் பாருங்கள். விரிப்பு பெடலுக்கு அடியில் நகர்ந்திருந்தால், வண்டி புறப்படுமுன் சொல்லிவிடுங்கள்.