கினிக்கோழி விட்டுவைக்கும் உண்ணி

"கினிக்கோழியா? பாம்புக்காகவா?" என்று ஊரிலிருந்து போனில் பேசிய அத்தை கேட்டார்கள். அங்கே தோட்டங்களில் கின்னிக்கோழி என்று சொல்லி, பாம்பு வந்தால் கத்திக் காட்டிக்கொடுக்கும் என்றுதான் வளர்ப்பார்கள். நியூயார்க் மாநிலத்தில், ஹட்சன் பள்ளத்தாக்கில் இருக்கும் நாங்கள் வளர்ப்பது உண்ணிக்காக.

மான் உண்ணி கடித்தால் லைம் நோய் வரலாம். பக்கத்துக் கனெக்டிகட் மாநிலத்தில் லைம் என்ற ஊரில், 1970களில் பல பிள்ளைகளுக்கு மூட்டு வீங்கியது. அதை விசாரிக்கப்போய்த்தான் இந்த நோயே வெளியே தெரிந்தது. எங்கள் வீட்டைச் சுற்றி மூன்று பக்கமும் காடு. மான்கள் தினமும் வந்து போகும்.

கினிக்கோழி ஆப்பிரிக்கப் பறவை. வளர்ந்துவிட்டால் முரட்டு உயிர், குஞ்சிலோ தொட்டாற்சிணுங்கி. முட்டை பொரிய 26 முதல் 28 நாள் ஆகும். குஞ்சுப் பெட்டியில் முதல் வாரம் 35 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும். பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி குறைக்கலாம். தண்ணீர்க் கிண்ணத்தில் கூழாங்கல் போட்டு வைக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்தக் கொஞ்சத் தண்ணீரிலேயே மூழ்கிச் செத்துவிடும். சாதாரணக் கோழிக்குஞ்சுத் தீவனத்தில் புரதம் போதாது. வான்கோழிக் குஞ்சுத் தீவனம்தான் சரி. நனைந்தால் விறைத்துப்போகும். காலைப் பனி படிந்த புல்லில் தாயோடு அலையும் குஞ்சுகள் சாவது இதனால்தான்.

வளர்ந்தவுடன் திறந்துவிட்டால் திரும்பி வராது. ஆறு வாரமாவது கூண்டுக்குள்ளேயே வைத்து, இதுதான் வீடு என்று பழக்க வேண்டும். பிறகு முதலில் இரண்டை மட்டும் வெளியே விடுவோம். உள்ளே இருக்கும் கூட்டத்தின் சத்தம் கேட்டு அவை தூரம் போகாது. சாயங்காலம் வெள்ளைப் பனிவரகைத் தட்டில் போட்டுத் தட்டினால் எல்லாம் ஓடி வரும். அப்படியும் சில மரத்தில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். இரவில் ஆந்தைக்கு அதுவே வசதி. பெட்டைகள் புதரில் ஒளித்து முட்டையிட்டு அங்கேயே அடைகாக்கும். அது நரிக்கு வசதி. பதினைந்தில் தொடங்கினோம், இப்போது ஒன்பது இருக்கின்றன.

சத்தத்தைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. பெட்டை இரண்டு அசையில் கூப்பிடும், எங்கள் பிள்ளைகள் காதில் அது "எங்கே? எங்கே?" என்று விழுகிறது. சேவல் ஒற்றை அசையில் விடாமல் கத்தும். பக்கத்து வீட்டுச் சுவர் நெருங்கி இருப்பவர்களுக்கு இந்தப் பறவை வேண்டாம்.

உண்ணியைத் தின்கிறதா? தின்கிறது. லாங் ஐலண்டில் செய்த ஆய்வு ஒன்று 1992இல் வெளிவந்தது: கினிக்கோழி மேய்ந்த புல்வெளியில் வளர்ந்த உண்ணிகள் குறைந்திருந்தன. இங்கே எல்லோரும் சொல்லிக்கொள்வது இதை வைத்துத்தான். ஆனால் பிறகு நடந்த ஆய்வில், வளர்ந்தவை குறைந்தாலும் இளம் உண்ணிகள் குறையவில்லை என்று தெரிந்தது. மனிதருக்கு நோயைப் பெரும்பாலும் கொடுப்பது அந்த இளம் உண்ணிதான். கசகசா அளவே இருக்கும். காட்டோரச் சருகுக்குள் கிடக்கும். மே முதல் ஜூலை வரை, சரியாகப் பிள்ளைகள் வெளியே ஓடுகிற நாளில்தான், மும்முரமாக ஆள் தேடும்.

போன ஜூனில், பறவைகள் முற்றம் நிறைய மேய்ந்துகொண்டிருந்தபோதே, எங்கள் ஒன்பது வயது மகனின் முழங்காலுக்குப் பின்னால் ஒரு தடிப்பு கண்டோம். அரிப்பு இல்லை, வலி இல்லை. புத்தகங்களில் இருக்கும் படம் வெள்ளைத் தோலில் சிவப்பு வளையம். நம் தோலில் அது அப்படித் தெரிவதில்லை. கன்றிப்போன காயம்போல மங்கலாக, கருஞ்சிவப்பாக இருந்தது. இரண்டு நாளில் அகலமாகியது. மருத்துவர் ஆன்டிபயாடிக் கொடுத்தார். பையன் நன்றாக இருக்கிறான். கவனிக்காமல் விட்டால் மூட்டு, நரம்பு, இதயம் வரை போகக்கூடிய நோய் இது. உங்கள் மருத்துவர் தோலைப் பார்த்துத் தயங்கினால், "உண்ணி இருக்கும் இடத்தில் விளையாடினேன்" என்று நீங்களே வாய்விட்டுச் சொல்லுங்கள்.

ஆகவே கோழி கோழியின் வேலையைச் செய்யட்டும். வெளியே போய் வந்ததும் குளித்து, முழங்கால் மடிப்பு, தொடையிடுக்கு, அக்குள், தொப்புள், காதுக்குப் பின்னால், சடைக்கு அடியில் எல்லாம் தடவிப் பாருங்கள். உண்ணி ஒட்டியிருந்தால் கூர்முனை இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக மேலே இழுங்கள். மண்ணெண்ணெய், தீக்குச்சி, எண்ணெய் எதுவும் வேண்டாம். பெரும்பாலும் ஒரு நாளாவது ஒட்டியிருந்தால்தான் கிருமி இறங்கும். அன்றே எடுத்துவிட்டால் ஆபத்து மிகக் குறைவு. போட்டிருந்த துணியை டிரையரில் அதிகச் சூட்டில் பத்து நிமிடம் போட்டால் ஒளிந்திருப்பதும் செத்துவிடும்.

ஜூலையில் வாலிபர் ஐக்கியம் எங்கள் வீட்டில்தான் கூடுகிறது. வெளிர்நிறப் பேன்ட் போட்டு, கால்நுனியைக் காலுறைக்குள் செருகி வாருங்கள். கூச்சப்பட ஒன்றுமில்லை, எல்லோரும் அப்படித்தான் இருப்போம். அப்போது முட்டை நிறையக் கிடைக்கும். கோழிமுட்டையைவிடச் சிறியது, ஓடு கெட்டி. அவித்தால் உரிக்கக் கொஞ்சம் பொறுமை வேண்டும்.