போன் தொலைஞ்சு போச்சா? இந்த வரிசையில் செய்யுங்க!

போன் தொலைந்தால் அதன் விலையைவிடப் பெரிய கவலை, உள்ளே இருக்கும் யுபிஐ ஆப்பும் அந்த நம்பருக்கு வரும் ஓடிபியும்தான். அதனால் வரிசை முக்கியம்.

முதலில் லாக்: இன்னொருவர் போனில் ஆண்ட்ராய்டுக்கு கூகுளின் 'ஃபைண்ட் ஹப்', ஐபோனுக்கு 'ஃபைண்ட் மை' திறந்து, இருப்பிடத்தைக் குறித்துக்கொண்டு லாக் செய்யுங்க. டேட்டாவை அழிக்க அவசரப்படாதீங்க. ஆண்ட்ராய்டில் அழித்துவிட்டால் பிறகு இருப்பிடம் தெரியாது.

அடுத்து சிம்: உங்க சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டாலே ஓடிபி அங்கே போகும். கஸ்டமர் கேரில் சொல்லி பிளாக் செய்து, அதே நம்பரில் புது சிம் வாங்குங்க. வங்கிக்கும் சொல்லிடுங்க.

பிறகு புகார்: போலீஸ் புகார் நகலுடன், மத்திய அரசின் 'சஞ்சார் சாத்தி' தளத்தில் உள்ள சிஇஐஆர் பகுதியில் ஐஎம்இஐ எண்ணைப் பதிவு செய்யுங்க. அதன்பின் எந்த சிம் போட்டாலும் இந்திய நெட்வொர்க்கில் அந்த போன் வேலை செய்யாது. யாராவது சிம் போட்டுப் பார்த்தால், அந்தத் தகவல் போலீஸுக்குப் போகும். போன் கிடைத்ததும், பதிவின்போது தந்த கோரிக்கை எண்ணை வைத்து பிளாக்கை நீக்கலாம்.

உஷார்: 'உங்க போன் கிடைச்சிருக்கு' என்று லிங்க் வந்தால், பாஸ்வேர்டு கொடுத்துடாதீங்க. திருடிய போனைத் திறக்க விரிக்கும் வலை அது.

இப்பவே *#06# டயல் செய்து, வரும் 15 இலக்க ஐஎம்இஐ எண்ணைப் பேப்பரில் எழுதி வீட்டில் வைங்க. இரண்டு சிம் போன் என்றால் இரண்டு எண்கள் வரும், இரண்டையும் எழுதுங்க.