சின்ன டம்ளர்... பெரிய தொட்டி!

குட்டீஸ்... 75 டம்ளர் தண்ணீரை ஒரே டம்ளரில் பிடிக்க முடியுமா? "முடியவே முடியாது" என்கிறீர்களா? ஆனால், ஒரு குட்டி சிப்புக்கு இதே சோதனைதான் வந்தது. அது எப்படித் தப்பித்தது என்று பார்ப்போமா?

வாஷிங் மெஷின், டிவி ரிமோட், பொம்மை கார்... இவற்றுக்குள் எல்லாம் 'மைக்ரோகன்ட்ரோலர்' என்ற சிப் இருக்கும். கொஞ்சம் மின்சாரம் கொடுத்தால் போதும், சமர்த்தாக வேலை செய்யும். 2010ல் வந்த 'ஆர்டுயினோ ஊனோ' பலகையில் இருப்பதும் இப்படி ஒரு சிப்தான். வேலை நேரத்தில் அது பயன்படுத்தக்கூடிய நினைவகம் வெறும் 2,048 பைட்!

இதனுடன் உள்ளங்கை அளவு வண்ணத் திரை ஒன்றை இணைப்போம். அகலத்தில் 320 புள்ளிகள், உயரத்தில் 240. பெருக்கினால் 76,800 புள்ளிகள். ஒரு புள்ளியின் நிறத்தைச் சொல்ல 2 பைட். மொத்தம் 1,53,600 பைட். அதாவது, சிப்பின் நினைவகத்தைப் போல் சரியாக 75 மடங்கு. அடேங்கப்பா!

தந்திரம் திரையில்தான் இருக்கிறது. திரையோடு ஒட்டியிருக்கும் வேறொரு சிப்பில், முழுப் படமும் தங்க இடம் உண்டு. அதுதான் தொட்டி. நம் குட்டி சிப் டம்ளரால் மொண்டு மொண்டு ஊற்றினால் போதும்.

தொட்டி நிரம்ப எவ்வளவு நேரமாகும்? ஊனோ இந்தத் திரைக்கு நொடிக்கு அதிகபட்சம் 10 லட்சம் பைட் அனுப்பும். கணக்குப் போட்டால், நொடிக்கு 6 முழுப் படங்கள்தான் தேறும். சினிமாவில் ஓடுவது 24! 6 படத்தில் பந்து உருளாது. தவளை மாதிரித் தாவும்.

சரி, பந்து நகர்வதற்கு முழுத் திரையையும் ஏன் வரைய வேண்டும்? 16க்கு 16 புள்ளிகள் உள்ள பந்தைப் பழைய இடத்தில் அழித்து, புதிய இடத்தில் வரைய 1,024 பைட் போதும். ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்தில் வேலை முடிந்துவிடும்! ஒரே ஒரு தொல்லை... அழித்ததும் பந்து ஒரு கணம் காணாமல் போவதால், படம் மினுக்மினுக்கென்று இருக்கும். கெட்டிக்காரர்கள் பந்து நகர்ந்தபின் மிஞ்சும் ஓரத்தை மட்டும் துடைப்பார்கள்.

எது வேகம், எது மந்தம் என்று பார்க்க ஓட்டப்பந்தயமும் உண்டு. அமெரிக்காவின் அடாஃப்ரூட் நிறுவனம் இலவசமாகத் தரும் சோதனை நிரல், கோடு, வட்டம், முக்கோணம், எழுத்து என்று வரிசையாக வரையும். ஒவ்வொன்றுக்கும் ஆன நேரத்தை நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு வரை அளந்து சொல்லும்.

அதில் ஒரு வேடிக்கை. நேர்க்கோடுகள் பாய்ந்து ஓடும். சாய்ந்த கோடுகள் நொண்டியடிக்கும்! ஏன்? நேர்க்கோட்டுக்கு "இங்கிருந்து இதுவரை" என்று ஒரே ஒரு முறை முகவரி சொன்னால் போதும். சாய்ந்த கோட்டில் ஏறக்குறைய ஒவ்வொரு புள்ளிக்கும் தனித்தனி முகவரி வேண்டும். முகவரிக்கு 11 பைட், நிறத்துக்கு 2 பைட். இரண்டு வார்த்தைக் கடிதத்துக்குப் பதினொரு வார்த்தை முகவரி எழுதினால் தபால் தாமதமாகாதா?

இப்போது உங்களுக்கு ஒரு கணக்கு. 128க்கு 64 புள்ளிகள் உள்ள கறுப்பு-வெள்ளைத் திரை. 8 புள்ளிகளுக்கு 1 பைட் போதும். முழுப் படமும் ஊனோவின் நினைவகத்துக்குள் அடங்குமா? எடுங்கள் பென்சிலை!

(விடை: 1,024 பைட். அடங்கும், பாதி இடம் மிச்சம்!)