பயிற்சி போடலாமா, முறையை மாற்றலாமா? பழவேற்காட்டுப் ‘பாடு’ உழவர் குழுக்களுக்குச் சொல்வது

உழவர் குழு ஒன்று தடுமாற ஆரம்பித்தால் கூட்டத்தில் முதலில் எழும் குரல், “ஒரு பயிற்சி போட்டுடலாமே!” என்பதுதான். நெல் தரமில்லாமல் வருதா? பயிற்சி. கணக்கு சரியில்லையா? பயிற்சி. உறுப்பினர் கூட்டத்துக்கு வரலையா? அதுக்கும் ஒரு விழிப்புணர்வுப் பயிற்சி. பந்தல், மைக், மதிய சாப்பாடு, கையில் ஒரு நோட்டு, குழுப் படம் என்று ஒரு நாள் முடிந்துவிடும். அடுத்த அறுவடையில் அதே தவறு திரும்ப நடக்கும்.

இன்னொரு பக்கம், படித்த இளைஞர்கள் குழுவுக்குள் வரும்போது 5எஸ், கைசன், லீன், சிக்ஸ் சிக்மா என்று தொழிற்சாலைச் சொற்களும் கூடவே வருகின்றன. எதற்குக் காசு செலவழிப்பது? ஆளைப் பழக்குவதற்கா, வேலை நடக்கும் முறையைச் சீராக்குவதற்கா? இந்தக் கேள்விக்கு விடை தேட ஜப்பானுக்குப் போகும் முன் திருப்பாலைவனம் வரை போய் வரலாம்.

ஏரிக்குள் ஒரு நிர்வாகம்

பொன்னேரியிலிருந்து பழவேற்காடு போகும் வழியில் இருக்கிறது திருப்பாலைவனம். பெயரைப் பார்த்து மணல்காடு என்று நினைக்க வேண்டாம். பாலை மரங்கள் நிறைந்த வனம் என்பதால் வந்த பெயர் என்பார்கள். அதைத் தாண்டினால் பழவேற்காடு ஏரி. சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி அது. பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது, தெற்குப் பகுதி நம்முடையது.

ஏரி பெரிசுதான். ஆனால் இறால் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி கிடைக்காது. கடல் நீர் வந்து போகும் முகத்துவாரத்தை ஒட்டிய சில இடங்களில்தான் நல்ல பாடு. எல்லாரும் அங்கேயே வலை கட்டினால் அடிதடிதான் மிஞ்சும். இதற்குப் பட்டினவர் மீனவ ஊர்கள் தலைமுறைகளுக்கு முன்பே கண்ட வழிதான் ‘பாடு’ முறை. எந்த இடத்தில், எந்த நாளில், எந்த ஊர், அந்த ஊருக்குள் யார் வலை கட்டுவது என்று முறை வைத்துச் சுற்றி வரும். தலைக்கட்டு உள்ளவருக்கு உரிமை உண்டு. மீறினால் ஊர்க்கூட்டத்தில் பதில் சொல்ல வேண்டும்.

வலை கட்டத் தெரியாத மீனவர் அங்கே கிடையாது. திறமையில் குறை இல்லை. குறை இருந்திருந்தால் அது வேலையின் ஒழுங்கில்தான் இருந்திருக்கும். அதனால் முறையைச் சரி செய்தார்கள். “பேராசைப்படாதீர்” என்று வகுப்பு எடுத்துக் கொண்டிருக்கவில்லை.

பிள்ளைகளுக்கான பயிற்சியும் உண்டு, ஆனால் அது படகில் நடக்கிறது. அப்பனோடும் சித்தப்பனோடும் போய், நீரோட்டம் பார்த்து, வலை இழுத்துக் கற்றுக்கொள்வது. பயிற்சிக்கு ஓர் இடம், முறைக்கு ஓர் இடம். இரண்டையும் போட்டுக் குழப்பவில்லை.

முதலில் கேட்க வேண்டிய ஒரே கேள்வி

நம்ம குழுவில் ஒரு தவறு திரும்பத் திரும்ப நடக்குதா? இதைக் கேளுங்கள்: “தெரியாமல் செய்கிறார்களா, தெரிந்தும் செய்ய முடியவில்லையா?”

தெரியாமல் என்றால் பயிற்சி. தெரிந்தும் முடியவில்லை என்றால் முறையில் ஓட்டை.

ஒரு கணக்கு பார்ப்போம். குழு, பாரம்பரிய நெல் வாங்கிச் சேமித்து, அரைத்து விற்கிறது என்று வைத்துக்கொள்வோம். மூட்டையில் வண்டு. இயற்கை வழி என்பதால் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை போடவும் முடியாது. ஏன் வண்டு? நெல் ஈரமாக வந்தது. ஏன் ஈரமாக வந்தது? காய வைக்காமல் கொண்டு வந்தார்கள். காய வைக்கணும்னு உழவருக்குத் தெரியாதா? நல்லாவே தெரியும். பல்லில் கடித்தே ஈரம் சொல்லுவார். பிறகு ஏன்?

இங்கேதான் விஷயம். 18 சதவீத ஈரமுள்ள 100 கிலோ நெல்லை 13 சதவீதத்துக்குக் காய வைத்தால் எடை சுமார் 94 கிலோவாகக் குறையும். கிலோ 30 ரூபாய் என்றால், ஈரமாகக் கொடுத்தவருக்கு 3,000 ரூபாய். இரண்டு நாள் களத்தில் கிண்டிக் காய வைத்தவருக்கு சுமார் 2,828 ரூபாய். உழைத்தவருக்கு 172 ரூபாய் நட்டம்! ஒழுங்காக இருப்பவரைத் தண்டிக்கிற விலைமுறையை வைத்துக்கொண்டு பத்துப் பயிற்சி நடத்தினாலும் நெல் ஈரமாகத்தான் வரும்.

தீர்வு என்ன? ஒரு ஈரப்பதமானி வாங்குவது. ஈரத்துக்கு ஏற்ற விலைப் பட்டியலைக் கொள்முதல் இடத்தில் சுவரில் எழுதி வைப்பது. யார் நெல் எந்த நாளில் வரணும்னு பாடு முறை போல வரிசை வைப்பது. மானியைப் பிடிக்கத் தெரிய, எடை போடுபவருக்கு நெல் குவியல் பக்கத்திலேயே அரை மணி நேரப் பழக்கம் போதும். முறை மாறியது, அதற்குத் தேவையான அளவு பயிற்சி பின்னால் வந்தது.

இப்படி “ஏன், ஏன்” என்று தோண்டிக் கேட்பதைத்தான் டொயோட்டா நிறுவனத்தின் தாய்ச்சி ஓனோ தன் ஆட்களுக்குப் பழக்கினார். ஐந்து முறை கேள், வேர் தெரியும் என்பது அவர் வழி.

பயிற்சிதான் மருந்து என்கிற இடம்

மீன் அமிலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மீன் கழிவும் வெல்லமும் சம எடை, காற்றுப் புகாத மூடி, 21 நாள். ஒருவர் செய்தது பழ வாசம் வருகிறது. இன்னொருவர் செய்தது பிண வாடை அடிக்கிறது. வெல்லத்தைக் குறைத்தாரா, மூடி இறுக்கமில்லையா? இது கைப்பழக்கக் குறை. நன்றாகச் செய்தவர் வீட்டு வாசலில் நாலு பேர் உட்கார்ந்து ஒரு முறை கூடச் செய்தால் தீர்ந்தது. இதற்குப் புதுப் படிவமோ விதியோ வேண்டியதில்லை.

ஆனால் எப்படிப்பட்ட பயிற்சி என்பதும் முக்கியம். உலக வங்கி ஆதரவில் 1970களில் நம் நாட்டுக்கு வந்த ‘பயிற்சியும் பார்வையிடலும்’ திட்டத்தில் சேதி மேலிருந்து இறங்கியது. அலுவலர், தொடர்பு உழவர், பிறகு மற்றவர் என்று வரிசை. நிலத்துக்கு நிலம் பிரச்சினை மாறும், சேதி மாறவில்லை. 1990களில் அது மெல்ல ஓய்ந்தது.

இந்தோனேசியாவில் வேறு கதை. புகையான் தாக்கி நெல் அழிந்தபோது, 1986இல் நெல்லுக்கு 57 வகைப் பூச்சிக்கொல்லிகளைத் தடை செய்தார்கள். 1989இல் உழவர் வயல்வெளிப் பள்ளி தொடங்கியது. சுமார் 25 உழவர்கள், வாரம் ஒரு நாள், பருவம் முழுக்க வயலில் இறங்கி, பூச்சியையும் அதைத் தின்னும் சிலந்தியையும் எண்ணி, படம் வரைந்து, மருந்து தேவையா என்று தாங்களே முடிவெடுத்தார்கள். கற்றதும் நடந்தது, வேலை முறையும் மாறியது. நல்ல பயிற்சி என்றால் இப்படி இருக்கணும்.

எந்த முறை நமக்கு?

சிக்ஸ் சிக்மா 1986இல் மோட்டோரோலா நிறுவனத்தில் பிறந்தது. பத்து லட்சம் வாய்ப்பில் 3.4 தவறுக்கு மேல் கூடாது என்பது இலக்கு. வருஷத்துக்கு நூறு டன் நெல் பார்க்கிற குழுவுக்கு அந்தப் புள்ளியியல் தேவையில்லை. சான்றிதழ் வகுப்புக்குக் கட்டும் பணத்தில் தார்ப்பாய் வாங்கலாம்.

5எஸ் உடனே உதவும். வேண்டாததை அகற்று, இருப்பதை அதனதன் இடத்தில் வை, சுத்தம் செய், அதையே விதியாக்கு, விடாமல் பிடி. கிடங்கில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும், தொடங்கிவிடலாம்.

‘திட்டமிடு, செய், சரிபார், திருத்து’ என்னும் சுழற்சி அதைவிட உதவும். ஒரு மாற்றத்தை முதலில் பத்து உறுப்பினரிடம் மட்டும் செய்து பாருங்கள். சரி வந்தால் எல்லாருக்கும்.

பங்கேற்பு உத்தரவாதச் சான்றிலும் இதே பாடம்தான். குறைந்தது ஐந்து உழவர் சேர்ந்து ஒருவர் நிலத்தை ஒருவர் பார்க்கும் நல்ல ஏற்பாடு அது. “நீ எனக்குக் கையெழுத்துப் போடு, நான் உனக்குப் போடுறேன்” என்று ஆகிவிட்டால் நம்பிக்கை போச்சு. படிவம் நிரப்பப் பயிற்சி கொடுத்து இதைச் சரி செய்ய முடியாது. யார் நிலத்தை யார் பார்ப்பது என்று சீட்டுக் குலுக்கி, பருவத்துக்குப் பருவம் மாற்றுங்கள்.

பாடு முறையின் குறையும் பார்க்கணும்

பாடு முறையைத் தலையில் தூக்கி வைக்கவும் வேண்டாம். அதில் பிறப்பால் உரிமை உள்ளவருக்கே இடம். கையால் இறால் தடவிப் பிடிக்கும் இருளர்களுக்கும், பின்னால் மீன்பிடிக்கு வந்த மற்ற ஊராருக்கும் அதில் பங்கில்லை. இதனால் ஏரியில் மோதல்களும் நடந்திருக்கின்றன. எவ்வளவு சீரான முறையானாலும் வகுக்கும் இடத்தில் இல்லாதவருக்கு அது சுவர்தான். நம் குழுவில் களையெடுக்கும் பெண்களும் குத்தகை உழவர்களும் விதி எழுதும் கூட்டத்தில் உட்கார்கிறார்களா? யோசிக்கணும்.

2020இல் வந்த 10,000 உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் திட்டத்தில் நிர்வாகச் செலவுக்கு மூன்றாண்டுக்கு 18 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். மூன்றாண்டு முடிந்ததும் பணம் நின்றுவிடும். பயிற்சி பெற்ற மேலாளர் வேறு வேலைக்குப் போய்விடலாம். சுவரில் எழுதிய விலைப் பட்டியலும், எல்லாரும் ஒப்புக்கொண்ட வரிசையும், மாதா மாதம் “ஏன்?” என்று கேட்கும் பழக்கமும் குழுவிலேயே தங்கும்.

அடுத்த மாதக் கூட்டத்தில் ஒரே ஒரு தவறை மட்டும் எடுங்கள். அதில் மாட்டிக்கொள்கிற உறுப்பினரையே பேச விடுங்கள். தெரியலையா, முடியலையா என்று அவர் வாயால் வரட்டும். பயிற்சிக்குப் பந்தல் போடுவதா வேண்டாமா என்பதை அதற்குப் பிறகு முடிவு செய்யலாம்.